கண் சுழலும் முகத்தை அனுப்பாதவன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நன்றாக இருக்கிறேன். யாரும் பயந்துகொண்டே படிக்க வேண்டாம். ஆறு நாள் செங்கல்பட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இப்போது காலையில் எழுந்து பல் விளக்குகிறேன், நாஸ்தா சாப்பிடுகிறேன், மனைவியிடம் திட்டு வாங்குகிறேன். எல்லாம் பழையபடி நடக்கிறது. ஆனால் அந்த ஆறு நாளுக்கு முன்னால் நான் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கே என்னை நாலு அறை விட வேண்டும் போல இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் தேவராஜ். வயது ஐம்பத்திரண்டு. கம்பெனி பஸ் ட்ரைவர். வீடு திருவிடந்தை. காலையில் அங்கிருந்து கிளம்பி மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலையில் இறக்கிவிடுவேன். நாற்பது பேர், முக்கால்வாசி பெண்கள். மாலையில் திரும்பக் கூட்டிவருவேன். நடுவில் எட்டு மணி நேரம் பஸ் நிறுத்துகிற இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மற்ற ட்ரைவர்கள் சீட்டாடுவார்கள், நான் கையில் கிடைத்ததைப் படிப்பேன். பத்தாவது ஃபெயிலான ஆள் இவ்வளவு எழுதுகிறானே என்று யாரும் ஆச்சரியப்பட வேண்டாம்.

எங்கள் ட்ரைவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. தினமும் காலை ஐந்து மணிக்குள் ஒவ்வொருவரும் அதில் ஒரு பொம்மை அனுப்ப வேண்டும். உடம்பு சரியாக இருந்தால் கட்டைவிரல். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்றால் தூங்குகிற முகம். தலைசுற்றல், காய்ச்சல், எதுவாக இருந்தாலும் கண் இரண்டும் சுருள் சுருளாகச் சுழல்கிற முகம். அதை அனுப்பினால் சூப்பர்வைசர் வேறு ட்ரைவரை அனுப்பிவிடுவார். டைப் அடிக்கத் தெரியாதவனும் அனுப்பலாம் என்று அவரே யோசித்துக் கொண்டுவந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆரம்பத்திலேயே ஒருவன் தூங்குகிற முகத்தை அனுப்பினான். மறுநாள் அவனை ஸ்பேர் லிஸ்டில் போட்டுவிட்டார்கள். ஸ்பேர் என்றால் உங்களுக்கென்று பஸ் கிடையாது. யாராவது வராத நாளில் அவன் பஸ்ஸை ஓட்டலாம், மற்ற நாளில் மரத்தடியில் உட்கார்ந்து கொட்டாவி விடலாம். ஒரு மாதம் அவன் அப்படி உட்கார்ந்திருந்ததை இருபத்திரண்டு ட்ரைவர்களும் பார்த்தோம். அதற்கப்புறம் இரண்டு வருடம் அந்தக் குரூப்பில் கட்டைவிரலைத் தவிர வேறெதுவும் விழவில்லை. கால் உடைந்தாலும் கட்டைவிரல்தான் அனுப்புவோம் என்று எங்களுக்குள் கிண்டல் பண்ணிக்கொள்வோம்.

எனக்கு முதல் தடவை வந்தது படுக்கையில். வலது பக்கம் புரண்டேன், மின்விசிறியும் சுவரும் சேர்ந்து சுழன்றன. அரை நிமிடம் கூட இருக்காது. நின்றுவிட்டது. பித்தம் என்று நினைத்து எலுமிச்சம்பழச் சாறு குடித்துவிட்டு, குரூப்பில் கட்டைவிரலை அனுப்பிவிட்டு வண்டி எடுத்தேன். அடுத்த மூன்று வாரத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை வந்தது. பீரோ மேலே இருந்து எதையாவது எடுக்க நிமிர்ந்தால் வரும். குனிந்து செருப்பு மாட்டினால் வரும். குரூப்பில் மட்டும் தினமும் கட்டைவிரல்.

ஒருநாள் திருக்கழுக்குன்றம் தாண்டி வளைவில் வரும்போது, உள்ளே தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியைச் சரிசெய்ய நிமிர்ந்தேன். ரோடு படுத்துக்கொண்டது. பிரேக்கை அழுத்தினேன். பின்னால் நின்றுகொண்டிருந்த இரண்டு பெண்கள் முன்னால் வந்து விழப் பார்த்தார்கள்.

"இன்னா அண்ணாத்த?" என்று முதல் சீட்டில் இருந்த சுமதி கேட்டது. மாமல்லபுரத்தில் ஏறுகிற பெண், எப்போதும் முன்னால்தான் உட்காரும்.

"நாய் குறுக்கால வந்துட்சி."

சுமதி எட்டிப் பார்த்தது. "நாயையே காணோமே."

நான் கியரைப் போட்டேன். கண்ணாடியைப் பார்க்காமலேயே செங்கல்பட்டு வரை ஓட்டினேன். மறுநாள் காலையும் கட்டைவிரல் அனுப்பினேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

இதற்கு நாலு நாள் கழித்து முழுதாக விழுந்தேன். நல்லவேளை, ஆட்களை இறக்கிவிட்டாயிற்று. பஸ்ஸை நிறுத்திவிட்டு வைப்பரைப் பார்க்க அண்ணாந்தேன். இந்தத் தடவை வந்தது போவதற்குள் இன்னொன்று வந்தது. பம்பரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். தலையைக் கொஞ்சம் திருப்பினாலும் மறுபடி ஆரம்பிக்கும். மனைவிக்குச் சொல்ல வேண்டும் என்று ஃபோனை எடுத்தேன். எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை. முகங்கள் இருக்கிற பக்கத்தைத் திறந்து, கோணலாக இருந்த ஏதோ ஒரு முகத்தைத் தட்டிவிட்டேன்.

உடனே பதில் வந்தது. "காலங்காத்தாலயே ஊத்திகினியா?"

நான் தட்டியது ஒரு கண் சின்னதும் ஒரு கண் பெரிதுமாக, வாய் நெளிந்துபோன முகம். 🥴 எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் குடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது. அந்த ஆறு வருடத்தையும் ஒரு பொம்மை ஒரே நொடியில் கவிழ்த்துவிட்டது.

என்னைப் பார்த்தது கோட்டி. கோட்டீஸ்வரன், கூடுவாஞ்சேரி ரூட் ட்ரைவர். சீட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். "மச்சான், இன்னாடா இது, மூஞ்சி வெளுத்துப் போய்கீது" என்று சொல்லிக்கொண்டே தூக்கி கம்பெனி வேனில் போட்டான். இன்னொரு ட்ரைவர் ஓட்ட, செங்கல்பட்டு வரும் வரை என் தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். அந்தக் கை இல்லையென்றால் இன்னும் பத்து தடவை வாந்தி எடுத்திருப்பேன்.

அவசரப் பிரிவில் என் வயதைக் கேட்டார்கள், பிபி இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது. அவ்வளவுதான், எல்லோரும் வேகமாக நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். பல்லைக் காட்டச் சொன்னார்கள், இரண்டு கையையும் நீட்டச் சொன்னார்கள், விரலால் மூக்கைத் தொட்டுத் தொட்டுக் காட்டச் சொன்னார்கள். எழுந்து நடக்கச் சொன்னபோது சுவரைப் பிடித்தும் நிற்க முடியவில்லை. பின்மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டாலும் இப்படித்தான் ஆரம்பிக்குமாம். அதாவது பக்கவாதம். அந்த வார்த்தையைக் கேட்டதும் இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடுவோமா என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது. சாவைப் பற்றி அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

எஸ்தர், என் மனைவி, மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் அறைகள் சுத்தம் செய்கிற வேலையில் இருக்கிறாள். கோட்டி ஃபோன் பண்ணியதும் சீருடையோடு அப்படியே ஓடி வந்தாள். ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் வந்து நின்று, என் முகத்தின் மேல் குனிந்து, முதல் வார்த்தையாக, "ஊதுய்யா" என்றாள்.

ஊதினேன்.

வாந்தி நாற்றத்தைத் தவிர எதுவும் இல்லை என்று தெரிந்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். "குடிச்சிருந்தாகூட நல்லா இருந்திருக்கும்யா" என்றாள். ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஸ்கேன் எடுக்க மறுநாள்தான் முறை வந்தது. அதுவரை காத்திருப்புதான். காத்திருக்கிற இடத்தில் மூன்று வரிசை நாற்காலி, எதிரே ஒரு டிவி, அதில் சத்தமே இல்லாமல் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். சக்கர நாற்காலியில் தலையைத் திருப்பாமல் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஸ்கேன் குழாய்க்குள் போனதும் தகரக் கொட்டகையில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம். ஜெபம் சொல்லலாம் என்று பார்த்தேன், பாதியில் மறந்துபோய் ஸ்டாப்புகளின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

வார்டில் என்னைப் பார்த்தவர் காது மூக்கு தொண்டை டாக்டர். நாற்பது வயது இருக்கும் ஒரு பெண்மணி. அதட்டல் இல்லாத, ஆனால் ஏமாற்ற முடியாத குரல்.

"என்ன பண்ணுது?"

"தலை சுத்துது டாக்டர்."

"இந்த வார்டுல பாதிப் பேர் அதைத்தான் சொல்றாங்க. எப்படிச் சுத்துது? ரூம் சுழலுதா? கண்ணு இருட்டிக்கிட்டு மயக்கம் வர்ற மாதிரியா? இல்ல, நடக்கும்போது தள்ளாடுதா? எவ்வளவு நேரம்? என்ன பண்ணும்போது? இதைச் சொன்னீங்கன்னா பாதி வைத்தியம் முடிஞ்ச மாதிரி."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எல்லாமே தலைசுற்றல் என்றுதான் இத்தனை வருடமும் சொல்லி வந்திருக்கிறேன். பேச வாயைத் திறந்தாலே குமட்டியது வேறு. என் மகள் ஜெனி பக்கத்தில் நின்றிருந்தாள். செங்கல்பட்டில் பி.காம். படிக்கிறாள், ஃபோனை விட்டுக் கண்ணை எடுக்காத ஜாதி. டாக்டர் போனதும் என் ஃபோனை வாங்கி முகங்களைத் திறந்து காட்டினாள்.

"அப்பா, பேசாத. தலையையும் ஆட்டாத. பாரு, இந்தக் கண்ணுல சுருள் இருக்கு இல்ல, 😵‍💫, இது ரூம் சுத்துது. கண்ணு ரெண்டும் பெருக்கல் குறியா இருக்கற இது, 😵, ஆளு அவுட். கண்ணு இருட்டிக்கினு விழப்போற மாதிரி இருந்தா இத போடு. நீ அம்மாவுக்கு அனுப்புன கோண வாய், 🥴, இது தள்ளாட்டம். நடக்கும்போது வந்தா மட்டும் போடு, சும்மா போடாத, அம்மா டென்ஷன் ஆவுது. இந்த நட்சத்திரம் சுத்தறது, 💫, சும்மா எழுந்துக்கும்போது ஒரு செகண்டு பளிச்சுன்னு வந்து போனா. எது வந்தாலும் உடனே எனக்கு அனுப்பு. டைம் அதுவே காட்டும். நின்னதும் ஒரு புள்ளி வை. எந்தப் பக்கம் திரும்பினன்னு அம்பு போடு."

சிரிப்பாக இருந்தது. இத்தனை நாள் இந்த முகங்களை எல்லாம் ஒரே மாதிரிதான் பார்த்திருந்தேன். பெட்ரோல் விலை ஏறினால் ஒன்றை அனுப்புவோம், வெயில் அடித்தால் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ அந்த நெளிஞ்ச மூஞ்சிக்கு குடின்னு அர்த்தம் இல்லியா?" என்றாள். "அதுக்கும்தாம்மா" என்றாள் ஜெனி.

ஒன்றரை நாள் அப்படி அனுப்பினேன். ஜெனி வகுப்பில் இருப்பாள், எஸ்தர் வேலைக்குப் போயிருப்பாள், நான் கட்டிலில் கிடந்து சுருள் கண்ணை அனுப்புவேன். உடனே ஒரு இதயம் வரும், வகுப்பு நேரத்திலும். மாலையில் எஸ்தர் ஃப்ளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்து, தலை அசையாமல் ஸ்ட்ரா வைத்துக் கொடுப்பாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த கல்பாக்கத்துக்காரர் ஒருவர், நான் வலது பக்கம் திரும்பினால் சுற்றுகிறது என்று தெரிந்துகொண்டு, வலது பக்கம் சுவர் இருந்த தன் கட்டிலை எனக்கு மாற்றிக் கொடுத்தார். என்னோடு ஒரு வார்த்தை பேசியவர் இல்லை.

ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. மூளையில் ஒன்றும் இல்லை. எஸ்தர் அதை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு, "அது எங்களுக்கு முன்னயே தெரியும் டாக்டர்" என்றாள். வார்டே சிரித்தது. அவ்வளவு நாள் கழித்து எனக்கு அன்றுதான் பசித்தது.

அன்று மத்தியானம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். கடைசியில், "திங்கக்கிழமை ஃபிட்னஸ் சர்டிபிகேட்டோட வந்துருங்க தேவராஜ். இல்லன்னா ரூட்டை வேற ஆளுக்குக் கொடுத்துருவேன், வேற வழியில்ல" என்றார். ஸ்பேர் லிஸ்டும் அந்த மரத்தடியும் கண் முன்னால் வந்தன. இருபது வருடம் எனக்கென்று ஒரு பஸ்ஸை ஓட்டிவிட்டு இந்த வயதில் அங்கே போய் உட்காருவதா? அந்த நிமிடத்திலிருந்து ஜெனிக்குச் சிரித்த முகம் அனுப்ப ஆரம்பித்தேன். புரளும்போது சுற்றத்தான் செய்தது. கண்ணை மூடிப் பல்லைக் கடித்துக்கொள்வேன், நின்றதும் சிரித்த முகம். ஜெனி பூக்களும் பட்டாசும் அனுப்பினாள். பெற்ற மகளிடம் பட்டாசு வாங்கிக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் டாக்டர் வந்தார். ஜெனி பெருமையாக ஃபோனை நீட்டினாள். டாக்டர் நிதானமாக மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"நல்லா எழுதி வெச்சிருக்கீங்க. எல்லாம் சுருள் கண்ணு, எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள்ள, எல்லாம் வலது பக்கம். நேத்து மத்தியானத்துல இருந்து சிரிச்ச முகமாவே இருக்கே?"

"சுத்தமா நின்னுடுச்சி டாக்டர். சர்டிபிகேட் கொடுத்தீங்கன்னா..."

"உட்காருங்க" என்றார். என் தலையை வலது பக்கம் பாதி திருப்பிப் பிடித்து, மளமளவென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டிலுக்கு வெளியே கொஞ்சம் தொங்கியது. "கண்ணைத் திறந்தே வைங்க. மூடக் கூடாது."

மூன்று நாலு நொடி ஒன்றும் இல்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்புறம் கூரை சுழன்றது. வாயே திறக்காமல், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

"சுத்துதா?"

"இல்ல டாக்டர்."

"ஜெனி, இங்க வந்து அப்பா கண்ணைப் பாரும்மா" என்றார்.

ஜெனி குனிந்து பார்த்தாள். அவள் முகம் மாறுவதை அந்தச் சுழற்சிக்குள்ளேயே பார்த்தேன். என் கருவிழி இரண்டும் துடித்துத் துடித்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தனவாம். பொம்மையில் பார்த்தது உண்மையிலேயே அப்படி ஆகும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"அப்பா," என்றாள் மெதுவாக, "நேத்துல இருந்து பொய்யா அனுப்பிகினு இருந்த?"

டாக்டர்தான் பேசினார். உள்காதில் பொடிப் பொடியாகச் சுண்ணாம்புத் துகள் இருக்குமாம், நாம் நிமிர்ந்திருக்கிறோமா சாய்ந்திருக்கிறோமா என்று மூளைக்குச் சொல்வது அதுதான். அது இடம் பெயர்ந்து, பக்கத்தில் தண்ணீர் மாதிரி திரவம் இருக்கிற வளைந்த குழாய்க்குள் போய்விட்டால், தலையைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் திரவத்தைக் கலக்கிவிடும். நாம் நின்றிருந்தாலும் சுற்றுகிறோம் என்று காது மூளைக்குத் தப்புத் தகவல் அனுப்பும். டீசல் லைனில் தூசு புகுந்த மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். உயிருக்கு ஆபத்தில்லை. மாத்திரையை விட, துகளைத் திரும்ப உருட்டி வெளியே விடுவதுதான் வைத்தியம்.

அதை அங்கேயே செய்தார். தொங்கிய தலையை அப்படியே பிடித்திருந்து, சுழற்சி நின்றதும் இடது பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரம் கழித்து உடம்போடு இடது பக்கம் ஒருக்களித்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி வைத்தார். கடைசியில் மெல்ல உட்காரவைத்தார். மொத்தமே ஐந்து நிமிடம். சாயங்காலம் இன்னொரு தடவை. மறுநாள் காலையில் அதே மாதிரி சாய்த்துப் பார்த்தார். கூரை கூரையாகவே இருந்தது. மூன்று வாரமாக மறந்துபோயிருந்த சுகம் அது. வலது பக்கம் புரண்டேன். இடது பக்கம் புரண்டேன். மறுபடி வலது. எஸ்தர், "போதும்யா, கட்டில் உடைஞ்சிரும்" என்றாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, நல்லா இருந்தா சர்டிபிகேட் தர்றேன். ஆனா இது மறுபடியும் வரலாம். ஆஸ்பத்திரியில நீங்க பொய் சொன்னா உங்க கண்ணைப் பார்த்து நான் கண்டுபிடிச்சிருவேன். பஸ்ஸுல நான் இருக்க மாட்டேன்" என்றார்.

அன்று வீட்டில் அந்த நாய் விஷயத்தை எஸ்தரிடம் சொன்னேன். வளைவு, பிரேக், எல்லாவற்றையும். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அந்த பஸ்ல ஜெனி போனான்னா, இப்படி ஓட்றவன் கையில உடுவியா?"

திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். திட்டியிருக்கலாம். ராத்திரி சாப்பிடவும் முடியவில்லை எனக்கு.

சூப்பர்வைசரிடம் போய் இரண்டு வாரம் ஆகும் என்று சொன்னேன். முகம் சுளித்தார், ஆனாலும் ரூட்டை எனக்காக வைத்திருந்தார். சர்டிபிகேட் கிடைத்தது. பஸ்ஸில் ஏறி சீட்டில் உட்கார்ந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் சின்னப் பிள்ளைத்தனமாக இருக்கும். ஒரு மாதம் நன்றாக ஓடியது.

போன வாரம் ஒருநாள் விடிகாலையில் வலது பக்கம் புரண்டேன். சுவர் நகர்ந்தது. பத்து நொடிதான். முன்னே மாதிரி பலமாக இல்லை. உட்கார்ந்தேன், நின்றுவிட்டது. எஸ்தர் தூங்கிக்கொண்டிருந்தாள். மணி நாலே முக்கால். குரூப்பைத் திறந்தேன். வரிசையாகக் கட்டைவிரல், பதினாலு பேர். இன்று மட்டும் மெல்ல ஓட்டிவிட்டு மத்தியானம் டாக்டரிடம் போகலாம் என்று மனது நியாயமாகப் பேசியது. பேசவிட்டேன், முழுதாகக் கேட்டேன். அப்புறம் சுருள் கண் முகத்தைத் தட்டினேன்.

குரூப் அப்படியே நின்றுபோனது. இரண்டு நிமிடம் யாரும் எதுவும் அனுப்பவில்லை. வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோட்டி ஏற்கெனவே கட்டைவிரல் அனுப்பியிருந்தான். அது திடீரென்று அழிந்தது. அந்த இடத்துக்குக் கீழே தூங்குகிற முகம் வந்தது. கூடவே, "மூணு நாளா தூக்கம் இல்ல சார், பையனுக்கு ஜுரம்." அடுத்து மறைமலை நகர் ரூட் ஓட்டுகிற பெரியவர் ஒருவர். அவரிடமிருந்து சுருள் கண் முகம். அவருக்குச் சர்க்கரை இறங்கிக் கண் இருட்டிக்கொண்டு வருவது நாலு மாதமாக நடக்கிறதாம். நாலு மாதமும் தினம் ஒரு கட்டைவிரல்.

சூப்பர்வைசர் எனக்கு ஃபோன் பண்ணினார். "இன்னாய்யா, மூணு பேரும் பேசிவெச்சிகினீங்களா?" என்று கத்தினார். "இல்ல சார்" என்றேன். "மத்தவங்க எப்படின்னு எனக்குத் தெரியாது. எனக்கு நிஜமாவே சுத்துது." பிறகு, "நீ ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஸ்பேர் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மூன்றாவது பஸ்ஸை, அதாவது என் பஸ்ஸை, அவரே திருவிடந்தைக்கு வந்து எடுத்தார். ஒரு காலத்தில் அவரும் ட்ரைவர்தான். அன்று மூன்று ரூட்டும் லேட். நூற்றிருபது பேர் அரை மணி நேரம் தாமதமாக வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள்.